இருட்டுல கெண்டை: மூணு அலாரமும் ஒரு குச்சியும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்க வேலை, கோட், இன்டர்வியூன்னு பேசுவோம். இந்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டு ஆத்துக்குப் போறோம்.

போன கேள்வி-பதில் எபிசோட்ல, வார இறுதியில நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ராத்திரி காவிரியில கெண்டைக்குத் தூண்டில் போடுவேன்னு ஒரு வரியில சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி, "எங்களையும் கூட்டிட்டுப் போங்க ப்ரோ." மீதிப் பாதி, "சும்மா உட்கார்ந்துட்டு இருக்கிறதுல என்ன இருக்கு?" ரெண்டு பேருக்கும் சேர்த்து இன்னைக்குப் பதில் சொல்றேன். கூட வர்றேன்னு சொன்னவங்க மட்டும் கடைசி வரைக்கும் கேளுங்க. உங்களுக்குச் சொல்ல வேண்டியது பின்பாதியிலதான் இருக்கு.

முதல்ல இடம். மேட்டூர் அணையிலிருந்து பவானி வரைக்கும் காவிரி வர்ற வழியில வரிசையா கதவணைகள் இருக்கு. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை. ஒவ்வொண்ணுலயும் 15 மெகாவாட் இயந்திரம் ரெண்டு ரெண்டு ஓடுது. கதவணைக்கு மேல் பக்கம் தண்ணி நீளமான ஏரி மாதிரி தேங்கி, மெதுவா நகரும். கீழ்ப் பக்கம் பாறை, திட்டு, வேகமான ஓட்டம். ஒரே ஆறுதான், ஆனா சில கிலோமீட்டருக்குள்ள ரெண்டு விதமான குணம். கெண்டைக்குப் பிடிச்சது மேல் பக்கம், அந்த மெதுவான தண்ணி.

கெண்டைன்னு நாம பொதுவா சொல்றது ஒரு பெரிய குடும்பம். மீன் மார்க்கெட்ல நீங்க பார்க்கிற கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கெண்டைதான். மூணுக்கும் பூர்வீகம் கங்கை, பிரம்மபுத்திரா பக்கம். காவிரிக்கு மனுஷன் கொண்டு வந்து விட்டது. சாதா கெண்டைன்னு ஒண்ணு இருக்கு, ஆங்கிலத்துல காமன் கார்ப். அது இன்னும் தூரத்து விருந்தாளி. 1939ல இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. இவங்களுக்கெல்லாம் முன்னாடியே காவிரிக்குன்னு சொந்தமா கெண்டைகள் உண்டு. கருமுழிக் கெண்டை அதுல ஒண்ணு.

கட்லா, ரோகு எப்படி இவ்வளவு ஊருக்குப் பரவுச்சுன்னு ஒரு சின்னக் கதை. இந்த மீனெல்லாம் குளத்துல வளரும், ஆனா குளத்துல முட்டை போடாது. அதுக்கு மழைக்காலத்து ஆத்து வெள்ளம் வேணும். 1957 ஜூலை 10ஆம் தேதி ஹிராலால் சௌத்ரிங்கிற விஞ்ஞானி, இன்னொரு மீனோட பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாறை ஊசியா போட்டு, வெள்ளமே இல்லாம கெண்டையை முட்டை போட வச்சார். அதுக்கப்புறம் பண்ணையிலேயே குஞ்சு உற்பத்தி பண்ண முடிஞ்சது, நாடு முழுக்க அணை, ஏரியில எல்லாம் விட முடிஞ்சது. ஜூலை 10ஐ இன்னைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினம்னு கொண்டாடுறாங்க.

சரி, ஏன் ராத்திரி?

பகல்ல கரையோரம் யாருடைய இடம்னு யோசிச்சுப் பாருங்க. துணி துவைக்கிறவங்க, குளிக்கிறவங்க, மாடு கழுவுறவங்க. பெரிய மீன் அந்த நேரத்துல ஆழத்துல கிடக்கும். இருட்டின பிறகு கரை காலியாகும். மண்ணுல புழு, பூச்சி எல்லாம் அதிகமா கிடைக்கிறது கரையோர ஆழமில்லாத தண்ணியிலதான். சாதா கெண்டை அங்க மேய வரும். நீங்க பலமா வீச வேண்டிய அவசியமே இல்லை. புதுசா வர்றவங்க எல்லாரும் நடு ஆத்துக்கு வீசுவாங்க, மீன் அவங்க கால்கிட்ட மேய்ஞ்சுட்டு இருக்கும்.

அவ்வளவு இருட்டுல அது எப்படிச் சாப்பாட்டைக் கண்டுபிடிக்குது? இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்குவான். கெண்டைகிட்ட கண்ணைத் தவிர இன்னும் மூணு சென்சார் இருக்கு.

ஒண்ணு, ருசி. சாதா கெண்டைக்கு வாயோரத்துல ரெண்டு ஜோடி மீசை. அது முழுக்க ருசி மொட்டு. நாக்கை வெளியே நீட்டிக்கிட்டு தரையைத் தடவித் தடவிப் போற மாதிரின்னு வச்சுக்கோங்க. கட்லாவுக்கு மீசை கிடையாது, அது மேல்மட்டத்துல நுண்ணுயிர்களை வடிகட்டிச் சாப்பிடுற ஆள். அதனால தரையில போட்ட இரைக்குக் கட்லா வரும்னு காத்திருக்கிறதுல அர்த்தம் இல்லை. எந்த மீனுக்குப் போறோம்னு முடிவு பண்ணிட்டுத்தான் தூண்டில் கட்டணும்.

ரெண்டு, பக்கவாட்டுக் கோடு. உடம்போட ரெண்டு பக்கமும் ஓடுற ஒரு கோடு, தண்ணியில நடக்கிற அசைவை அழுத்தமா உணரும்.

மூணு, காது. கெண்டைக் குடும்பத்துக்குக் காத்துப் பைக்கும் உள்காதுக்கும் நடுவுல சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். காத்துப் பை ஒரு மைக் மாதிரி அதிரும், எலும்பு அந்த அதிர்வைக் காதுக்குக் கடத்தும். அதனால பல மீன்களைவிட இதுக்குக் கேட்கும் சக்தி அதிகம்.

இதுல ஒரு நடைமுறை விஷயம் இருக்கு. நாம பேசுற சத்தம் காத்துல வந்து தண்ணி மேல படும்போது அநேகமா முழுசும் திரும்பிடும், உள்ளே ரொம்பக் கொஞ்சம்தான் போகும். அதனால கரையில உட்கார்ந்து மெதுவாக் கதை பேசலாம், தப்பில்லை. ஆனா தரையில தொம்முன்னு குதிச்சாலோ, பாறையில பாத்திரத்தை வச்சாலோ, அந்த அதிர்வு நேரா மண்ணு வழியா தண்ணிக்குள்ள போகும். பேசினா மீன் ஓடாது, நடந்தா ஓடும். அடுத்த தடவை "ஷ்ஷ்"னு அதட்டுற நண்பர்கிட்ட முதல்ல செருப்புச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க.

இரை பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பெருசா ரகசியம் ஒண்ணும் இல்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் நம்ம ஊர்க் கெண்டைப் பண்ணைகள்ல காலகாலமாப் போடுற தீனி. அதே ரெண்டையும் பிசைஞ்சு, கொஞ்சம் மைதா சேர்த்து உருண்டை பிடிச்சா போதும். மண்புழு எப்பவும் வேலை செய்யும். சாதா கெண்டை இரையை உறிஞ்சும், பிடிக்கலைன்னா உடனே துப்பும். அது தொண்டையில இருக்கிற பல்லுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பரிசோதனை. இந்தத் துப்புற பழக்கத்தை வச்சுத்தான் இங்கிலாந்துல ஹேர் ரிக்குன்னு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. இரையைக் கொக்கியில குத்தாம, கொக்கிக்குக் கீழ முடி மாதிரி ஒரு நூல்ல தொங்க விடுறது. துப்பும்போது இரை வெளியே வரும், வெறுங்கொக்கி உதட்டுல மாட்டும்.

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். மீனுக்கு மூணு சென்சார், நமக்கு இருட்டுல என்ன இருக்கு? தூண்டில் நுனியில மாட்டுற ஒரு சின்ன மணி.

இந்த மணிக்கு ஒரு நவீன அண்ணன் உண்டு. ரிச்சர்ட் வாக்கர்னு ஒரு இங்கிலாந்துக்காரர், தொழில்ல இன்ஜினியர். நரம்பு இழுபட்டா சத்தம் போடுற எலெக்ட்ரிக் அலாரத்தைக் கெண்டை பிடிக்க அவர் உருவாக்கினார். 1952 செப்டம்பர் 13ஆம் தேதி, விடியறதுக்கு முன்னாடி, ரெட்மயர்ங்கிற குளத்துல 44 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 20 கிலோ எடையில ஒரு கெண்டையைப் பிடிச்சார். அது அந்த நாட்டுல அப்போ சாதனை. அதை வெட்டிச் சாப்பிடலை. உயிரோட லண்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொடுத்தார். அங்க அது 1971 வரைக்கும் வாழ்ந்தது.

ஆனா வாக்கர் பிடிச்சது குளத்துல. ஆத்துல மணி கட்டினா கதையே வேற. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, நரம்பை இழுத்துக்கிட்டே இருக்கு. ஆகாயத்தாமரை ஒரு கொத்து வந்து மாட்டினா மணி அடிக்கும். காத்து அடிச்சா மணி அடிக்கும். வௌவால் நரம்புல மோதினாக்கூட அடிக்கும். உங்கள்ல ஆன்-கால் பார்க்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். ராத்திரி பத்து அலர்ட் வருது, ஒன்பது சும்மா. பத்தாவதை நீங்க படுத்துக்கிட்டே தள்ளி விடுவீங்க. அதுதான் உண்மையான பிரச்சினையா இருக்கும்.

அதனால ஆத்துல முதல் வேலை சத்தத்தைக் குறைக்கிறது. தூண்டில் கம்பை நல்லா நிமிர்த்தி நடுங்க, தண்ணிக்குள்ள கிடக்கிற நரம்போட நீளம் குறையும், இழுவையும் குறையும். ஈயக் குண்டு உருளாம நிக்கிற அளவு கனமா இருக்கணும், அதைத் தண்ணி சொல்லும். அப்புறம் மணி எப்படி அடிக்குதுன்னு கேட்கப் பழகணும். குப்பை மாட்டினா இழுவை கொஞ்சம் கொஞ்சமா ஏறும், நுனி மெல்ல வளையும். மீன்னா டக்குனு வெட்டும். இன்னொண்ணு இருக்கு, அதைத்தான் புதுசா வர்றவங்க தவற விடுவாங்க. மீன் இரையை எடுத்துக்கிட்டு ஓட்டத்தோட நம்ம பக்கமா வந்தா நரம்பு இறுகாது, தளரும். மணி ஒரு தடவை கிணுங்கிட்டு அமைதியாயிடும், வளைஞ்சிருந்த நுனி நிமிர்ந்துடும். குளத்துல பழகினவங்க "போயிடுச்சு போல"ன்னு நினைப்பாங்க. ஆத்துல அதுதான் நல்ல கடி. சத்தம் நின்னதும் ஒரு தகவல்தான்.

இதுவரைக்கும் ரெண்டு பேரோட சென்சாரைப் பார்த்தோம். மீனுக்கு மூணு, நமக்கு ஒண்ணு. மூணாவதா இன்னொருத்தர் அங்க இருக்கார். ஆறு. கூட வர்றேன்னு சொன்னீங்க இல்லையா, உங்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

கதவணைகளுக்கு நடுவுல இருக்கிற ஆறுங்கிறது இயற்கை மட்டும் ஓட்டுற ஆறு இல்லை. மேட்டூர்ல எவ்வளவு திறக்கிறாங்க, வழியில எந்த மதகு ஏறுது, எந்த இயந்திரம் ஓடுது, எல்லாம் சேர்ந்துதான் உங்க கால்கிட்ட இருக்கிற மட்டத்தை முடிவு பண்ணுது. இங்க ஒரு துளி மழை இல்லாம, வானத்துல நட்சத்திரம் தெளிவாத் தெரியுற ராத்திரியில தண்ணி ஏறலாம்.

செய்தியில 10,000 கன அடி திறப்புன்னு படிச்சிருப்பீங்க. ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்போ 10,000 கன அடின்னா நொடிக்கு 2,83,000 லிட்டர். உங்க அபார்ட்மென்ட்டுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரிக் கணக்குல சொன்னா, நொடிக்கு 23 லாரிக்கு மேல. 2018 ஆகஸ்ட்லயும் 2022 ஆகஸ்ட்லயும் மேட்டூரிலிருந்து திறந்த தண்ணி 2 லட்சம் கன அடியை ஒட்டிப் போச்சு. அது நொடிக்கு 470 லாரி.

இன்னொரு கணக்கு. ஓடுற தண்ணி உங்க மேல கொடுக்கிற தள்ளு, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்கு. "முட்டி அளவு தண்ணிதானே, நடந்து வந்துடலாம்"னு சொல்றவங்க ஆழத்தை மட்டும் பார்க்கிறாங்க. சாயங்காலம் முட்டி அளவு தண்ணியில நடந்து போய் ஒரு நல்ல திட்டுல உட்கார்றீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அதே இடத்துல தொடை அளவு, வேகமும் கூட. திரும்பி வர்ற வழி அப்போ வழியே இல்லை. மணி மீனுக்குத்தான் அடிக்கும், இதுக்கு அடிக்காது.

நெரிஞ்சிப்பேட்டை பக்கம் ஒரு சாயங்காலம். பரிசல்ல வலை விட்டுட்டு வந்த ஒரு மீனவர் என்னைத் தாண்டிப் போனார். "ஏனுங் தம்பி, ராவுக்கு இங்கயா? கதவணையில விசாரிச்சுட்டுத்தானுங்க உக்காந்தீங்க?"ன்னு கேட்டார். "விசாரிச்சேனுங்கண்ணா"ன்னேன். அதுக்கும் அவர் நகரலை. என் தூண்டிலையோ பையையோ அவர் பார்க்கவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் மேட்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு திரும்பிப் பார்த்தார். நடுவுல வெறும் மண் சரிவுதான், தண்ணி இல்லைன்னு தெரிஞ்சதும், "அப்பச் சரிங்க"ன்னுட்டுப் போனார். பல வருஷம் ஆத்துல இருந்தவர் பார்க்கிற முதல் விஷயம் அது. இன்னைக்கு வரைக்கும் நான் இடம் பார்க்கும்போது அதே மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன்.

சரி, இதுக்கு என்ன அலாரம்? நான் பயன்படுத்துறது மூணு. மூணும் மலிவு.

முதல் அலாரம், போகிறதுக்கு முன்னாடி. மேட்டூரோட நீர்வரத்து, வெளியேற்றம் தினமும் செய்தியில வருது. தமிழ்நாட்டு எல்லையில பிலிகுண்டுலுவுல மத்திய நீர் ஆணையம் தண்ணியை அளக்குது. அங்க அளவு ஏறினா மேட்டூருக்கு வரத்து ஏறப் போகுதுன்னு அர்த்தம். ஒகேனக்கல்ல பரிசல் நிறுத்தி, குளிக்கத் தடை போட்டாச்சுன்னு செய்தி வந்தா, அந்த வாரம் நான் வீட்டுல படம் பார்ப்பேன். கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கன்னு அறிவிப்பு வந்திருந்தா பேச்சே இல்லை.

ரெண்டாவது, வீட்டு மொட்டைமாடி டேங்க்குக்கு வைக்கிற வாட்டர் லெவல் அலாரம். சிரிக்காதீங்க. பேட்டரியில ஓடுறதா பார்த்து வாங்குங்க, எலெக்ட்ரிகல் கடையில கிடைக்கும். ஒயர் நுனியை ஒரு குச்சியில கட்டி, தண்ணி மட்டத்துக்கு நாலு விரல் மேல நட்டுடுங்க. மட்டம் ஏறித் தொட்டதும் கத்தும். நடு ராத்திரி காவிரிக் கரையில "தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்"னு ஒரு பெண் குரல் கேட்டா, நிறுத்த மோட்டார் இல்லை, நாமதான் நகரணும்.

மூணாவது, காது. தண்ணியோட சத்தம் மாறினா, நுரையும் குச்சியும் இலையும் திடீர்னு அதிகமா மிதந்து வந்தா, தெளிவா இருந்தது கலங்கினா, ஏதோ மாறுது. கதவணைப் பக்கம் சைரன் கேட்டா அது எதுக்குன்னு யோசிக்கவே கூடாது. இந்தக் காரணத்துக்காகவே நான் ஹெட்போன் மாட்டுறதில்லை. ஆமா, பாட்காஸ்ட் பண்றவன் நானே சொல்றேன், ஆத்துல எங்க எபிசோட் கேட்காதீங்க.

இந்த மூணும் பொய்க்கலாம். பேட்டரி தீரும், செய்தி தாமதமாகும், நாம தூங்கிடுவோம். அதனாலதான் தலைப்புல இருக்கிற குச்சி. உட்கார்ந்ததும் தண்ணி விளிம்புல ஒரு குச்சியை நட்டு, மட்டத்துல கத்தியால ஒரு கோடு போடுங்க. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. ரெண்டு விரல்கடை ஏறியிருந்தா சாமானைக் கட்டுங்க. "இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம்" கிடையாது, கடி நல்லா இருந்தாலும் கிடையாது. எவ்வளவு ஏறினா கிளம்பணும்னு சாயங்காலமே, எல்லாரும் தெளிவா இருக்கும்போதே பேசி வச்சுக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு, தூண்டில் நுனி ஆடிக்கிட்டு இருக்கும்போது, யாரும் நல்ல முடிவு எடுக்க மாட்டாங்க. அப்புறம் திட்டுலயோ பாறையிலயோ ராத்தங்காதீங்க. படுக்கிறது கரை மேட்டுல. தனியா வராதீங்க, குடிச்சுட்டு வரவே வராதீங்க. ஷூ போடுங்க, கால் வைக்கிற இடத்துல டார்ச் அடிங்க, கரைப் புல்லுல கண்ணாடி விரியன் இருக்கும்.

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லி முடிச்சுடறேன்.

ஒண்ணு, அந்த ஆறு சிலருக்குப் பிழைப்பு. மேட்டூர் அணையில மீன்வளத்துறை உரிமம் வாங்கின மீனவர்கள் பிடிக்கிறாங்க. மத்த இடத்துலயும் யாருக்கு உரிமை, எங்க போடலாம்னு கேட்டுட்டுப் போடுங்க. சாயங்காலம் விட்ட செவுள் வலையை விடிகாலையில எடுப்பாங்க. உங்க கொக்கி அதுல மாட்டி வலை கிழிஞ்சா, உங்க பொழுதுபோக்குக்கு அவங்க ஒரு நாள் சம்பளம் கொடுத்த மாதிரி. அறுந்த நரம்பை ஒரு அடி கூட விட்டுட்டு வராதீங்க. சரணாலயப் பகுதிக்குள்ள தூண்டில் எடுத்துட்டே போகாதீங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காவிரிக் காடு 2022லிருந்து காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம்.

ரெண்டு, கொக்கியில வர்றது எல்லாமே கட்லா, ரோகு இல்லை. பெரிய செதிலோட, முதுகு திமில் மாதிரி எழும்பின மீன் வந்தா அது காவிரியோட மாசீர், கெண்டைக் குடும்பத்து ராஜா. உலகத்துல காவிரியையும் அதோட கிளைகளையும் தவிர வேற எங்கயும் கிடையாது. 2018ல அழிவின் விளிம்புல இருக்கிற இனம்னு பட்டியலிட்டிருக்காங்க. கையை நனைச்சுட்டு, முடிஞ்சா தண்ணியிலேயே வச்சுக் கொக்கியை எடுத்து விட்டுடுங்க. போட்டோவுக்காகப் பாறையில கிடத்தாதீங்க.

"சும்மா உட்கார்றதுல என்ன இருக்கு?"ன்னு கேட்டவங்களுக்கு இப்போ பதில் கிடைச்சிருக்கும். சும்மா உட்கார முடியாது. எட்டு மணி நேரம் ஒரு மணியையும் ஒரு குச்சியையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு, தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருப்போம். நிறைய ராத்திரி மீன் கிடைக்காது. போன தடவை மூணு பேரு போனோம், கிடைச்சது ஒரே ஒரு ரோகு, ஒண்ணரைக் கிலோ. மூணு வீட்டுக்குக் குழம்புக்குப் பத்தலை. காலையில பவானி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இட்லி சாப்பிட்டுட்டு ஊர் திரும்பினோம்.

கூட வர்றவங்க மெசேஜ் போடுங்க. பிலிகுண்டுலு அளவு பார்த்துட்டுத் தேதி சொல்றேன். குச்சி நான் கொண்டு வர்றேன், வாட்டர் லெவல் அலாரத்தை நீங்க கொண்டு வாங்க. அடுத்த வாரம் மறுபடியும் வழக்கம் போல கோட், வேலை, சம்பளம்.